கொடித் தேர்வுத் துணைக்குழு

லிப்ட் எப்போது ஓடும் என்று கேட்கப்போன நாகையா, கொடித் தேர்வுத் துணைக்குழுவின் உறுப்பினராகத் திரும்பி வந்தார்.

கிள்ளானில் இருக்கிற கெனாரி அடுக்குமாடிக்குப் பதின்மூன்று மாடி, இரண்டு லிப்ட். இடது லிப்ட் கொரோனா காலத்தில் நின்றுபோனது. அதன் வயிற்றிலிருந்து ஒவ்வொரு சாமானாகக் கழற்றி வலது லிப்ட்டுக்குப் பொருத்தி ஓட்டினார்கள். கழற்ற ஒன்றும் மிச்சமில்லாத நாளில் வலதும் நின்றது. இடது வாசலில் பலகை அடித்தாயிற்று. வலது வாசலில் ‘பொறுமைக்கு நன்றி’ என்று ஓர் அட்டை தொங்கியது. பொறுமையாக இருந்தவர்கள் எல்லாரும் மேல்மாடிக்காரர்கள். நிர்வாகக் குழுவில் இருந்தவர்கள் எல்லாரும் முதல் மாடி, இரண்டாம் மாடி. கூட்டத்துக்கு இறங்கிவர மேல்மாடிக்காரர்கள் சோம்பல்படுவதால்தான் அப்படி அமைந்துவிட்டது என்று தலைவர் அழகிரி விளக்கம் சொல்வார்.

நாகையா பள்ளி வேன் ஓட்டுகிறவர். வீடு ஒன்பதாம் மாடி. மனைவி புஷ்பவல்லிக்கு இரண்டு சிறுநீரகமும் கெட்டு, வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். கையுறைத் தொழிற்சாலையில் நின்றுகொண்டே பதினெட்டு வருஷம் வேலை பார்த்த பெண்மணி, இப்போது நாலு படி இறங்கினால் கண் இருட்டிவிடுகிறது. அதனால் ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கிக்கொண்டு இறங்குவார்கள். முன்பக்கம் பக்கத்து வீட்டு ஹமிட், பின்பக்கம் நாகையா. ஹமிட் துறைமுகத்தில் போர்க்லிப்ட் ஓட்டுகிறவர். “அங்க ரெண்டு டன் தூக்கறேன், இது என்னா அனே” என்பார்; ‘அண்ணே’ அவர் வாயில் அப்படித்தான் வரும். ஆனால் ஐந்தாம் மாடி வந்ததும் அவரே “பெலான், பெலான்” என்று நாற்காலியை மெதுவாக இறக்கச் சொல்லி, சுவரில் சாய்ந்துகொள்வார். ஆரம்பத்தில் புஷ்பவல்லி ஒவ்வொரு மாடிக்கும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு அதை விட்டுவிட்டு, எந்தப் படி உடைந்திருக்கிறது என்று மேலிருந்து சொல்ல ஆரம்பித்தார்.

நாகையா போன அன்று கூட்டம் கீழ்த்தளக் கூடத்தில் நடந்துகொண்டிருந்தது. அழகிரி ஓய்வுபெற்ற காப்புறுதி முகவர். பாத்திக் சட்டையின் மேல் பொத்தான்வரை போட்டிருப்பார். பக்கத்தில் செயலாளர் உஷாராணி மடிக்கணினியோடு. மற்ற நாற்காலிகள் காலி.

“வாங்க நாகையா. பொதுமக்கள் யாரும் வர்றதில்லன்னு இப்பதான் மினிட்ஸ்ல எழுதிக்கிட்டிருந்தோம்” என்றார் அழகிரி.

“தலைவரே, லிப்ட் விஷயமா ஒரு வார்த்தை...”

“அது நிகழ்ச்சிநிரல்ல ஏழாவது அங்கம். ‘ஏனையவை.’ நாம இப்ப முதல் அங்கத்துல இருக்கோம்.”

“மூணு கூட்டமா முதல் அங்கத்துலதான் இருக்கோம்” என்று உஷாராணி பணிவோடு தெரிவித்தார்.

முதல் அங்கம் இதுதான். அடுக்குமாடிக் குடியிருப்பாளர் பேரவை என்ற அமைப்பு கொடி மாதம் அறிவித்து, ஒரு போட்டியும் வைத்திருந்தது. ‘ஒவ்வொரு அடுக்குமாடியும் தகுந்த மாநிலக் கொடியைத் தேர்ந்தெடுத்து, உள்ளரங்கிலோ வெளியரங்கிலோ முறைப்படி காட்சிக்கு வைக்க வேண்டும்’ என்று சுற்றறிக்கை சொன்னது. அந்த ‘ஓ’வில்தான் குழு மாட்டிக்கொண்டிருந்தது. கொடியை வைக்க இருந்த ஒரே கௌரவமான இடம் இந்தக் கீழ்த்தளக் கூடம். இதற்குக் கூரை உண்டு, தூண் உண்டு, சுவர் கிடையாது.

“கூரை இருக்கு. அதனால உள்ள” என்றார் உஷாராணி.

“செவுரு இல்லாத எடத்த உள்ளன்னு சொன்னா, நாளைக்கு பஸ் ஸ்டாப்பும் உள்ளதான்” என்றார் அழகிரி. “உள்ள வைக்கிற கொடி வேற, வெளிய வைக்கிற கொடி வேற. துணி வேற, தையல் வேற. உள்ள வைக்கிறத வெளிய வச்சுட்டோம்னா என்ன ஆகும், தெரியுமா நாகையா?”

நாகையாவுக்குத் தெரியவில்லை. “தலைவரே, என் வீட்டுக்காரிய வாரத்துல மூணு தடவ நாற்காலியில வச்சுத் தூக்கறோம். ஒரு நாளைக்குக் கை வழுக்கிருச்சுன்னா...”

அழகிரி கண்ணாடியைக் கழற்றினார். அவர் கண்ணாடியைக் கழற்றினால் உரை வரும்.

“நாகையா, ஒங்க கஷ்டம் எனக்குப் புரியாம இல்ல. ஆனா மின்தூக்கிங்கறது எந்திரம். இன்னைக்கு ஓடும், நாளைக்கு நிக்கும். கொடி அப்படியா? ஒரு தடவ தப்பான கொடிய வச்சோம்னா அந்தக் களங்கம் பரம்பரைக்கும் போகாது. நாம மின்தூக்கி ஓடாத அடுக்குமாடியா இருக்கலாம். அதுல ஒண்ணும் கேவலம் இல்ல. தப்பான கொடி வச்ச அடுக்குமாடியா இருக்க முடியாது.”

உஷாராணி இதை அப்படியே தட்டச்சு செய்தார்.

“இன்னொண்ணு சொல்றேன். போட்டியில ஜெயிச்சா பேரவை நம்மள கவனிக்கும். கவனிச்சா மின்தூக்கி தானா வரும். அதுக்குத்தான் ஒரு துணைக்குழு போடப்போறோம். நீங்க வேன் வச்சிருக்கீங்கல்ல?”

ஏழாவது அங்கத்துக்கு வந்தபோது நேரமாகிவிட்டது என்று உஷாராணி கணினியை மூடினார்.

வீட்டில் புஷ்பவல்லி கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். “என்ன சொன்னாங்க?”

“என்னையக் குழுவுல போட்டுட்டாங்க.”

“லிப்ட் குழுவா?”

“கொடிக் குழு.”

புஷ்பவல்லி நீட்டிய காலை மடக்கிக்கொண்டார். “சரி விடுங்க. அதாச்சும் மேல ஏறட்டும்” என்றார்.

துணைக்குழுவின் முதல் பணி பிரிக்பீல்ட்ஸ் கடைத்தெருவுக்குப் போய் மாதிரிக் கொடிகள் கொண்டுவருவது. நாள் குறித்தது தலைவர். அது புஷ்பவல்லியின் டயாலிசிஸ் நாள். போகும்போது ஹமிட்டும் நாகையாவும் நாற்காலியைத் தூக்கி இறக்கிவிட்டார்கள். மதியம் டயாலிசிஸ் நிலையத்து வேனே கொண்டுவந்து விட்டுவிடும், அதற்குள் திரும்பிவிடலாம் என்று நாகையா கணக்குப் போட்டார். உஷாராணியை ஏற்றிக்கொண்டு கிளம்பினார்.

பிரிக்பீல்ட்ஸில் பூக்கடைகளையும் துணிக்கடைகளையும் தாண்டி ஒரு சந்தில் கொடிக்கடை. கவுண்டரில் இருந்த சல்மா தமிழ்நாட்டிலிருந்து வேலை பெர்மிட்டில் வந்தவர். கொடி என்றதும் அவர் கேட்ட முதல் கேள்வியே, “உள்ள வைக்கவா அண்ணே, வெளிய வைக்கவா?”

“அதத் தெரிஞ்சுக்கத்தான் வந்திருக்கோம்” என்றார் நாகையா.

சல்மா இரண்டையும் விரித்துக் காட்டினார். சிவப்பு, மஞ்சள் கட்டங்கள், மூலையில் வெள்ளைப் பிறையும் நட்சத்திரமும். இரண்டிலும் அதேதான். ஒன்று பட்டுப்போல வழவழவென்று, ஓரத்தில் தங்க நிறக் குஞ்சம். “இது உள்ளதுக்கு. வெயில் பட்டா வெளுத்துரும், தண்ணி பட்டா சுருங்கிரும்.” மற்றது முரட்டு நைலான். “இது வெளியதுக்கு. மழை, காத்து எல்லாம் தாங்கும்.”

“கூரை இருக்கு, செவுரு இல்ல. அந்த மாதிரி எடத்துக்கு எந்தக் கொடி?” என்று உஷாராணி பேனாவைத் திறந்துகொண்டு கேட்டார்.

சல்மா யோசித்தார். “அந்த மாதிரி எடத்துக்கு பொதுவா பிளாஸ்டிக் திரைதான் வாங்குவாங்கக்கா.”

இதை மினிட்ஸில் சேர்க்கலாமா என்று உஷாராணி தலைவருக்குப் போன் செய்தார். தலைவர் வேறு மூன்று கேள்விகள் கேட்டார். உள்ளரங்கம் என்பதற்குக் கடையின் விளக்கம் என்ன, அதை எழுத்தில் தருவார்களா, விசிறிக்காற்று காற்றில் சேருமா. சல்மா மற்ற வாடிக்கையாளர்களைக் கவனித்துக்கொண்டே பதில் சொன்னார். அதற்குள் நாகையாவின் போன் அடித்தது.

“வந்துட்டேன். கீழதான் ஒக்காந்திருக்கேன்” என்றது புஷ்பவல்லியின் குரல்.

“ஹமிட்?”

“அவருக்கு ஓவர்டைமாம். நீங்க வாங்க. அவசரமில்ல.”

டயாலிசிஸ் முடிந்து வருகிற உடம்பு எப்படி இருக்கும் என்று நாகையாவுக்குத் தெரியும். பிழிந்து போட்ட துணி மாதிரி இருக்கும். கால் நரம்பு இழுக்கும். படுக்க வேண்டும். பெடரல் நெடுஞ்சாலையில் சுபாங் ஜெயா தொடங்கி வாகனங்கள் நின்றன. பின்சீட்டில் உஷாராணி இரண்டு கொடிகளையும் கசங்காமல் மடியில் வைத்திருந்தார்.

கூடத்தில் புஷ்பவல்லி அதே சிவப்பு நாற்காலியில், ஊசி குத்திய கையை மடித்து நெஞ்சோடு வைத்துக்கொண்டு, கண் மூடி உட்கார்ந்திருந்தார். வானம் கறுத்துக் காற்று வீசத் தொடங்கியிருந்தது. அழகிரி முன்னமே வந்து தூணருகில் நின்றிருந்தார்.

“நல்ல நேரத்துல வந்தீங்க. மழை வருது. இப்பவே பரிசோதனைய வச்சுக்குவோம்” என்றார்.

“என்ன பரிசோதனை?”

“மழை கூடத்துக்குள்ள வந்தா இது வெளி. வரலன்னா உள்ள. இதுக்கு மேல நியாயமான வழி இருக்கா?”

மழை வந்தது. கிள்ளானில் சாயங்கால மழை நேராக விழுவதில்லை. ஒரு பக்கமிருந்து அறைகிற மாதிரி வந்தது. முதல் சாரல் தரையை நனைத்தது. அடுத்தது புஷ்பவல்லியின் முழங்காலுக்கு வந்தது. நாகையா ஓடிப்போய் நாற்காலியின் முதுகைப் பிடித்தார்.

“இருங்க, நகத்தாதீங்க” என்றார் அழகிரி. கோபமாகச் சொல்லவில்லை, கெஞ்சுகிற மாதிரிதான் சொன்னார். “தரை நனைஞ்சா தூறல்னு வாதம் பண்ணுவாங்க. ஆள் நனைஞ்சாதான் மழை. ஒரே நிமிஷம். உஷா, போட்டோ எடும்மா.”

நாகையாவின் கைகள் நாற்காலியின் மேலேயே இருந்தன. இழுக்கவில்லை. ஏன் இழுக்கவில்லை என்று பிறகு அவரே பல நாள் யோசித்துப் பார்த்தார். லிப்ட் தானாக வரும் என்று அந்த மனிதர் சொன்ன வார்த்தைதான் கையைப் பிடித்துக்கொண்டிருந்தது.

உஷாராணி படம் எடுத்தார். புஷ்பவல்லி கண்ணைத் திறந்தார். முகத்தில் தண்ணீர் வழிந்தது.

“எனக்கு ஒரு நாளைக்கு ரெண்டு கப் தண்ணிதான் கொடுத்திருக்கான் டாக்டர். இது அதுல சேருமா தலைவரே?” என்று கேட்டார்.

அழகிரி அதைக் கேள்வியாக எடுத்துக்கொள்ளவில்லை. அன்றைய மினிட்ஸில் ஒரு வரி ஏறியது: ‘குடியிருப்பாளர் ஒருவர் நனைந்தார். ஆகவே கீழ்த்தளக் கூடம் வெளியரங்கம் எனத் தீர்மானிக்கப்படுகிறது. மழை விழும் எந்த இடமும் இனி வெளியரங்கமே.’

வெளியரங்கம் என்று ஆன பிறகு கூடத்தின் மதிப்பு போய்விட்டது. வெளியில்தான் வைப்பது என்றால் யாருக்கும் தெரியாத மூலையில் ஏன் வைக்க வேண்டும், பதின்மூன்று மாடிக்கும் மேலே மொட்டைமாடியில் கம்பம் நட்டு நைலான் கொடியைப் பறக்கவிட்டால் கிள்ளானே பார்க்கும் என்று அழகிரிக்குத் தோன்றியது. டத்தோ பட்டம் வாங்கிய பேரவைத் தலைவரே வந்து ஏற்றிவைக்க ஒப்புக்கொண்டார். ஒரு சிக்கல்தான். டத்தோவுக்கு முழங்கால் வலி.

மறுநாள் லிப்ட்டைப் பழுதுபார்க்க ஆள் வந்துவிட்டது.

நாகையா வேலைக்குப் போகாமல் அங்கேயே நின்றார். தனேஷ் என்ற இளைஞர் உள்ளே குனிந்து என்னவோ செய்தார், நிமிர்ந்தார், மறுபடி குனிந்தார். மறுநாள் மாலை விளக்கு எரிந்து, கதவு ஒரு முனகலோடு திறந்தது.

“என்னப்பா பிரச்சினை? பெரிய பழுதா?”

“இல்ல அங்கிள். ஒரு போர்டு மாத்துனேன். அவ்ளோதான்.”

“அவ்வளவுதானா?”

“அவ்ளோதான் அங்கிள்.”

நாகையா ஒன்பது மாடியும் ஏறி ஓடிப்போய்ச் சொன்னார். சந்தோஷத்தில் லிப்ட்டில் ஏறத் தோன்றவில்லை. அவர் திரும்பக் கீழே வருவதற்குள் வாசலில் புது அட்டை தொங்கியது. ‘இந்த மின்தூக்கி விழா நாள்வரை மாநிலக் கொடியின் பயணத்துக்கு மட்டும். கொடியின்றிப் பயணிப்போர் மீது நடவடிக்கை எடுக்கப்படும்.’

“தேஞ்சுபோயிரக் கூடாது பாருங்க” என்றார் அழகிரி. “டத்தோ ஏறுற அன்னைக்கு நின்னுச்சுன்னா என் முகத்த எங்க வச்சுக்குவேன்? தெனமும் காலையும் சாயங்காலமும் கொடிய மட்டும் ஏத்தி எறக்கி ஒத்திகை பாக்கணும். அது துணைக்குழு பொறுப்பு.”

அப்படியாக, கண்ணாடித்தாள் உறைக்குள் மடித்து வைத்த கொடியை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு நாகையா காலையில் மொட்டைமாடிவரை போய் வந்தார். கொடியை அழகிரி வீட்டில் ஒப்படைத்துவிட்டு, படியேறி ஒன்பதாம் மாடிக்குப் போய், ஹமிட்டோடு சேர்ந்து மனைவியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினார். அடுத்த டயாலிசிஸ் நாளில் ஐந்தாம் மாடியில் மூச்சு வாங்கும்போது புஷ்பவல்லி கேட்டார்.

“அட்டையில என்ன போட்டிருக்கு? கொடிய யாரு தூக்கணும்னு போட்டிருக்கா?”

“இல்ல. கொடியில்லாம ஏறக் கூடாதுன்னு மட்டும்தான்.”

“அப்ப நான் தூக்குறேன்.”

ஹமிட்டுக்கு இது முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் படியில் உட்கார்ந்து சிரித்தார்.

அன்று மாலையே கொடி புஷ்பவல்லியின் மடியில் ஏறியது. சிவப்பு நாற்காலி, அதில் அவர், அவர் மடியில் கொடி. கதவு மூடியது. ஒன்றும் அறியாத மாதிரி ஒன்பதாம் மாடியில் திறந்தது. புஷ்பவல்லிக்கு வியர்க்கவே இல்லை. வீட்டுக்குள் போய் உட்கார்ந்து, “நான் காப்பி போடறேன்” என்றார். டயாலிசிஸ் முடிந்து வந்த நாளில் அவர் அப்படிச் சொல்லி ஒரு வருஷமாகியிருந்தது.

செய்தி மாடிக்கு மாடி பரவ நேரமாகவில்லை. பன்னிரண்டாம் மாடி மலாய்க்கார மாக்சிக் அம்மா அரிசி மூட்டையோடு வந்து, “கொடி இருக்கா?” என்று கேட்டார். பத்தாம் மாடிச் சீனப் பெரியவர் சமையல் கேஸ் தோம்பை உருட்டிக்கொண்டு வந்தார். கைக்குழந்தையும் தள்ளுவண்டியுமாக எட்டாம் மாடி சிந்து வந்தாள். தன் வீட்டு அழைப்புமணி ஓயாமல் அடிப்பதால் கொடியை நாகையாவே வைத்துக்கொள்ளலாம் என்று அழகிரி உத்தரவிட்டார். முதல் மாடியிலிருந்த தன் வாசலில் நின்று அவர் பார்த்தார். மலாய்க்காரர், சீனர், இந்தியர், கிழவர், குழந்தை என்று எல்லாரும் காலை தொடங்கி இரவுவரை வரிசையில் நின்று, கொடியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மேலே போனார்கள், கீழே வந்தார்கள். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

“பாத்தியா உஷா. நாம சொல்லிக் குடுக்கல. தானா வந்திருக்கு. இதப் பேரவைக்கு எழுதும்மா.”

உஷாராணி எழுதினார்; மடியில் கொடியோடு புஷ்பவல்லி இருந்த படத்தையும் சேர்த்தார். இரண்டாம் மாடிக்காரரான அவருக்கும் அதில் எந்தச் சந்தேகமும் எழவில்லை.

விழா நாளில் டத்தோ வந்தார். லிப்ட்டுக்குள் கம்பளம் விரித்திருந்தது. நாகையா கொடியை ஏந்திப் பக்கத்தில் நின்றார். மேலே கொடி ஏறியது, காற்றில் விரிந்தது, அழகாகத்தான் இருந்தது. கீழே வந்ததும் டத்தோ பேசினார்.

“நான் பல அடுக்குமாடிகளுக்குப் போயிருக்கேன். மின்தூக்கி ஓடல, தண்ணி வரலன்னு எங்க போனாலும் ஒரே புலம்பல். இங்க பாருங்க. வந்தேன், ஏறினேன், ரெண்டு நிமிஷத்துல உச்சியில நின்னேன். இந்த வசதிய அனுபவிக்கிற மக்கள் இங்க ஒருத்தர்கூடக் குறை சொல்லல. குறை சொல்லத் தெரியாத மக்கள்தான் ஒரு மாநிலத்தோட சொத்து. ஒங்க மக்கள் கொடிய மடியில வச்சுத் தாலாட்டறாங்கன்னு அறிக்கையில படிச்சேன். எனக்குப் புல்லரிச்சுப்போச்சு.”

கூட்டத்தில் சீனப் பெரியவர் மட்டும் இருமினார்.

அட்டை கழற்றப்பட்டது. லிப்ட் எல்லாருக்கும் ஓடியது. அந்தச் சில வாரங்களில் கெனாரி அடுக்குமாடியில் சண்டை குறைந்தது என்று வாசல் காவலுக்கு இருக்கும் ஜாகாகூடச் சொன்னார். புஷ்பவல்லி ஒருநாள் தானே பொத்தானை அழுத்திக் கீழே இறங்கி, இரவுச் சந்தைவரை மெதுவாக நடந்து, ஒரு கட்டுக் கீரை வாங்கிக்கொண்டு வந்தார். மருத்துவர் கீரை கூடாது என்றிருந்தார். தெரிந்தும் வாங்கினார். ஹமிட் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார்.

பிறகு பரிசு வந்தது. மக்கள் பங்கேற்பில் முதல் இடம் கெனாரி அடுக்குமாடிக்கு. பரிசு, ஆள் உயரத்துக்கும் மேலான ஒரு மாநிலக் கொடி. பட்டுத்துணி, தங்கக் குஞ்சம், பித்தளை முனை வைத்த கம்பம், கனமான மரப்பீடம். கழுத்தில் ஒரு சீட்டு கட்டியிருந்தது: ‘உள்ளரங்கக் காட்சிக்கு மட்டும்.’

அவசரக் கூட்டம் போட்டார்கள். கீழ்த்தளக் கூடத்தில் வைக்க முடியாது. அது வெளியரங்கம் என்று குழுவே தீர்மானித்திருக்கிறது. நிர்வாக அறையில் வைக்கலாம் என்றால் அங்கே மேல்கூரை ஒழுகி, மேசைக்கடியில் ஒரு வாளி இருக்கிறது. மழை விழும் எந்த இடமும் வெளியரங்கமே. தலைவர் வீட்டில் வைக்கலாமே என்றார் உஷாராணி. பொதுச்சொத்தை வீட்டில் வைக்கிற ஆள் தான் இல்லை என்று அழகிரி மறுத்தார். நாலு பக்கம் சுவர், மேலே கூரை, கதவு, விளக்கு, விசிறி, தரையில் விழாக் கம்பளம், சொட்டுத் தண்ணீர் விழாத ஓர் இடம் அந்தக் கட்டடத்தில் எங்கே இருக்கிறது என்று அவர்கள் நேர்மையாகத்தான் தேடினார்கள்.

துணைக்குழு உறுப்பினர் நாகையா அந்தக் கூட்டத்துக்குப் போகவில்லை. அது டயாலிசிஸ் நாள். வராதவர்கள் ஒப்புக்கொண்டதாகக் கருதப்படும் என்று விதி இருந்ததால், தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

மாலையில் நாகையா மனைவியைக் கைத்தாங்கலாக வேனிலிருந்து இறக்கி லிப்ட்டுக்கு அழைத்து வந்தார். லிப்ட்டின் கதவு திறந்தே இருந்தது. மூட முடியாதபடி கட்டை வைத்திருந்தார்கள். உள்ளே, பளீரென்ற விளக்கின் கீழே, அந்தக் கொடி நின்றது. மேலே விசிறி ஓடியது. வாசலின் குறுக்கே ஒரு சிவப்புக் கயிறு. தனேஷ் சாமான்களைப் பைக்குள் எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். நாகையாவைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு, “மோட்டார கட் பண்ணச் சொல்லிட்டாங்க அங்கிள். விளக்கும் காத்தாடியும் மட்டும் விட்டிருக்கேன்” என்றார்.

அழகிரி இரண்டு எட்டு முன்னால் வந்தார். “நாகையா, ஒங்களுக்காகத்தான் காத்துக்கிட்டிருந்தோம். எப்படி இருக்கு? இதுல ஒங்க வீட்டம்மா பங்கும் இருக்கு. கொடிய மடியில வச்சிருந்தாங்களே, அந்தப் படத்தப் பாத்துட்டுத்தான் பரிசே குடுத்தாங்களாம்.”

“தலைவரே, லிப்ட்...”

“அது இனி மின்தூக்கி இல்ல நாகையா. காட்சியரங்கம். கொடிய வச்சுக்கிட்டு மேலயும் கீழயும் ஆட்டறது மரியாதையா? நீங்களே சொல்லுங்க. நீங்க துணைக்குழு.”

புஷ்பவல்லி உள்ளே ஓடுகிற விசிறியை நிமிர்ந்து பார்த்தார். நெற்றியில் வியர்வை பூத்திருந்தது. பிறகு கணவரிடம், “நாற்காலி எங்க?” என்று மட்டும் கேட்டார்.

நாற்காலி ஹமிட்டிடம் இருந்தது. அவர் வேலையிலிருந்து வந்து, விஷயம் தெரிந்து, அதை எடுத்துக்கொண்டு படியடியில் தயாராக நின்றிருந்தார். புஷ்பவல்லியை உட்கார வைத்தார்கள். முன்னால் ஹமிட், பின்னால் நாகையா. தூக்கினார்கள். படிக்கட்டுக்குப் போகிற வழி லிப்ட்டைத் தாண்டித்தான்.

“ஒரு நிமிஷம்” என்றார் அழகிரி. சுவரில் புதிதாக ஒட்டியிருந்த தாளைக் காட்டினார். “கடந்து போறவங்க கொடிக்கு முன்னால ஒரு நிமிஷம் நின்னு மரியாதை செலுத்திட்டுத்தான் போகணும். இன்னைக்கு மொத நாளு. நீங்களே முன்மாதிரியா இருக்கணும்.”

ஹமிட் திரும்பி நாகையாவைப் பார்த்தார். நாற்காலியின் கால்கள் நாகையாவின் உள்ளங்கையில் அழுந்தின. இத்தனை மாதத்தில் அழகிரி நிற்கச் சொன்ன இடத்தில் எல்லாம் அவர் நின்றிருந்தார். மழையில்கூட நின்றார்.

“போலாம் பாங்” என்று ஹமிட்டிடம் சொன்னார்.

அவர்கள் நிற்கவில்லை. கொடியைத் தாண்டி, அழகிரியைத் தாண்டி, படியில் கால் வைத்து ஏறினார்கள். பின்னால் “நாகையா, நிக்கணும்” என்ற குரல் வந்தது. நாகையா திரும்பிப் பார்க்கவில்லை. புஷ்பவல்லி தலையைத் திருப்பிப் பின்னால் அவர் முகத்தைப் பார்த்தார். கல்யாணமான புதிதில் பார்த்த மாதிரி ஒரு பார்வை.

ஆனால் ஹமிட் ஓவர்டைம் பார்த்துவிட்டு வந்தவர். நாகையாவும் இத்தனை வாரம் லிப்ட்டில் போய்ப் பழக்கம் விட்டுப்போனவர். படிக்கட்டின் முதல் திருப்பத்துக்கு வந்ததுமே ஹமிட்டின் பிடி தளர்ந்தது. “பெலான் அனே” என்றார். நாற்காலியை அங்கேயே இறக்க வேண்டியதாயிற்று. இருவரும் கைகளைத் தொங்கவிட்டு, அசையாமல், தலை குனிந்து மூச்சு வாங்கினார்கள்.

கீழேயிருந்து பார்த்தால் அந்தத் திருப்பம் நன்றாகத் தெரியும். அழகிரி அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மறுபடி மேலே பார்த்தார். அவர் முகம் தெளிந்தது.

“நின்னுட்டாங்க” என்று உஷாராணியிடம் சொன்னார். “ஒரு நிமிஷத்துக்கு மேலயே நிக்கறாங்க. எழுதிக்கம்மா.”